ஸ்பான்சர் விசாவும் காரைக்காலும்

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஒருவரை வேலைக்கு அழைத்து, அவர் அந்நாட்டில் தங்குவதற்கான பொறுப்பையும் அரசிடம் தானே ஏற்றுக்கொள்ளும் முறையே பேச்சுவழக்கில் ஸ்பான்சர் விசா எனப்படுகிறது. இதில் வேலையும் குடியிருப்பு உரிமையும் ஒரே முதலாளியைச் சார்ந்திருப்பதால், சம்பளம் எவ்வளவு என்பதைவிட, அந்த முதலாளியை விட்டு விலகினால் தொழிலாளியின் கதி என்ன என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும், புதுச்சேரி நகருக்கு வெகு தெற்கே காவிரிக் கழிமுகத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டுக் கிடக்கும் காரைக்கால், இக்கேள்விக்குப் பல காலங்களில் பல விடைகளைக் கண்ட ஊராகும்.

1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின், ரெயூனியோன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, பிரிட்டனும் பிரான்சும் 1860-இலும் 1861-இலும் செய்துகொண்ட உடன்பாடுகளின்படி இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவ்வாறு ஆள் அனுப்பிய துறைமுகங்களுள் காரைக்காலும் ஒன்று. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டுக்கு மிகக்கூடாது, வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, திரும்பிவரக் கப்பற்செலவு தரப்பட வேண்டும் என்றெல்லாம் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தால், ஏட்டளவில் அது அக்காலத்துக்குத் தாராளமான ஏற்பாடே. ஆனால் தோட்டத்தை விட்டுத் தன் விருப்பப்படி வேறிடம் செல்லும் உரிமை கூலிக்கு இல்லாமையால் மற்ற விதிகள் பலவும் வலுவிழந்தன. தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்கள் பெருகவே, 1882-இல் ரெயூனியோனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்தியது.

அதே காலத்தில் பிரெஞ்சிந்தியாவிலிருந்து வேறொரு வகையினரும் கடல் கடந்தனர். சாதி, சமய வழக்கங்களைச் சார்ந்த தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க 1881 செப்டம்பர் ஆணை வழிசெய்தது. அவ்வாறு துறந்தவர்களுள் பலர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனில் அரசு அலுவலர்களாகப் பணியாற்றினர். சென்ற இடத்தில் தங்கும் உரிமைக்கு எந்தத் தோட்ட முதலாளியின் தயவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கூலிக்கும் அலுவலருக்கும் இடையிலிருந்த வேறுபாட்டில் கல்விக்குப் பங்குண்டு. குடியுரிமைக்கு அதைவிடப் பெரிய பங்குண்டு.

நம் காலத்துக்கு வந்தால், வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையில், கஃபீல் எனப்படும் பொறுப்பாளரின் பெயரிலேயே தொழிலாளியின் இகாமா, அதாவது குடியிருப்பு அட்டை, வழங்கப்பட்டு வந்தது. தொழிலாளி ஓடிப்போனதாகக் கஃபீல் புகார் செய்தால், அத்தொழிலாளி ஒரே நாளில் சட்டவிரோதமாகத் தங்கியவராகிவிடுவார். கத்தார் 2020-இல் முதலாளியின் தடையில்லாச் சான்று இன்றியே வேலை மாற இடமளித்தது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் ஓராண்டுப் பணிக்குப் பின் மாற அனுமதித்தபோதும், வீட்டுப் பணியாளர்களையும் வீட்டு ஓட்டுநர்களையும் அச்சலுகையில் சேர்க்கவில்லை. இந்தியாவின் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசின் அனுமதி பெற வேண்டும். (பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒருவரை மோசடியிலிருந்து காத்துவிடும் என்று சட்டம் நம்புவது வியப்புக்குரியது.)

காரைக்காலில் இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம், ஜிப்மர் கிளை, வேளாண் கல்லூரி ஆகியவை இருப்பதால், அங்குப் பயில்வோர் கண்முன் வேறு வகை விசாக்களும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களுக்கு வெளியே ஆள் கிடைக்காத நிறுவனங்களுக்காக ஆஸ்திரேலியா 2019 நவம்பரில் தொடங்கிய 494 என்னும் வட்டார விசா. பொதுவாக 45 வயதுக்குட்பட்ட, மூன்றாண்டு அனுபவமுள்ள திறன்மிகு பணியாளருக்கு ஐந்தாண்டுக்குத் தரப்படும் இதில், மூன்றாண்டு கழித்து நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். வேலை போனால் அடுத்த ஸ்பான்சரைத் தேட, 2024 ஜூலை முதல் ஒரு தடவைக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு. ஸ்பான்சர் செய்வதற்காகத் தொழிலாளியிடம் பணம் கேட்பதும் கொடுப்பதும் அங்கே சட்டப்படி தண்டனைக்குரியவை. ஆயினும் சிற்றூரில் அத்துறைக்கு ஒரே நிறுவனம்தான் இருக்குமானால், 180 நாளும் வெறும் காத்திருப்பாகவே முடியலாம்.

எனவே எந்த நாட்டுக்குச் செல்பவராயினும், விசா யார் பெயரைச் சார்ந்தது, வேலையை விட்டால் எத்தனை நாள் தங்கலாம், வேறு முதலாளியிடம் சேர யாருடைய ஒப்புதல் தேவை என்னும் மூன்றையும் எழுத்தில் பெற்ற பின்னரே ஆட்சேர்ப்பு முகவருக்கு முன்பணம் கட்ட வேண்டும். இந்தியாவில் உரிமம் பெற்ற ஆட்சேர்ப்பு முகவர்களின் பெயர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் உள்ளன. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு, வரி நீங்கலாக, 30,000 ரூபாய்.