புகை உணர்த்தும் பழுது

மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் கத்தியைக் கையில் எடுப்பதில்லை. முதலில் முகத்தைப் பார்க்கிறார். நாவை நீட்டச் சொல்கிறார். நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். நோய் எப்பொழுது மிகுகிறது, எப்பொழுது தணிகிறது என்று வினவுகிறார். அதன் பின்னரே மருந்து இன்னது என்று துணிகிறார். வாயில்லாத எந்திரங்களுக்கும் இம்முறையே பொருந்தும். பழைய மோட்டார் காருக்கு அதன் சைலன்சர் குழாயிலிருந்து வெளிப்படும் புகையே நாடி ஆகும். அப்புகையின் நிறத்தையும் மணத்தையும், அது தோன்றும் வேளையையும் கூர்ந்து நோக்குபவர், ஒரு திருகாணியையும் கழற்றாமலே உள்ளிருக்கும் பழுதைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம்.

நம் நாட்டில் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு அம்பாசிடர் கார். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் காரை முன்மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இதனைச் செய்து வந்தனர். அரசு அதிகாரிகளையும், வாடகைக்கு அமர்த்திய குடும்பங்களையும் அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்த இக்காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றது. எனினும், கிடைத்த காரைப் பழுது பார்த்துப் பேணி வருவோர் இன்றும் உளர். புதிய கார் இனி வாராது ஆதலின், இருப்பதைக் காக்கும் அறிவு அவர்களுக்கு இன்றியமையாதது.

இதன் பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. சிலிண்டர் என்பது உட்புறம் வழவழப்பாகக் கடையப்பட்ட உருளை வடிவமான அறை. அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் இயங்குகிறது. பிஸ்டன் இறங்கும்பொழுது பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருகிறது. ஏறும்பொழுது அக்கலவை அமுக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கின் பொறியால் அது எரிந்து விரிய, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. மீண்டும் ஏறும்பொழுது எரிந்த வாயு வெளியேறுகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலுமாயின், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இவ்வெரிதல் நிகழும்.

இவ்வெஞ்சினில் மூன்று நீர்மங்கள் இருக்கின்றன. எரிதற்கு உரியது பெட்ரோல். சிலிண்டர்களைச் சூழ்ந்து ஓடி வெப்பத்தைத் தணிப்பது தண்ணீர். ஒன்றோடொன்று உராயும் உறுப்புகளைத் தேயாமல் காப்பது எஞ்சின் ஆயில். இவை மூன்றும் தத்தம் எல்லைக்குள் நிற்கும்வரை குறை ஒன்றும் இல்லை. எல்லை கடந்தபொழுதே புகை எழுகிறது. தண்ணீர் எரியும் இடத்திற்குள் புகுந்தால் வெண்புகை. பெட்ரோல் அளவுக்கு மிஞ்சினால் கரும்புகை. ஆயில் புகுந்து எரிந்தால் நீலப்புகை. இம்மூன்றையும் பிரித்தறிவதே பழுதறியும் கலையின் அகரம் எனலாம்.

வெண்புகையெல்லாம் நோயின் அறிகுறி ஆகாது. பெட்ரோல் எரியும்பொழுது நீராவி பிறப்பது இயற்கை. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும் என்பது பலர் அறியாத உண்மை. குளிர்ந்த காலை வேளையில் அந்நீராவி குழாயில் குளிர்ந்து வெண்மையாகத் தோன்றும். எஞ்சின் சூடேறியதும் மறைந்துவிடும். இதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காமல் நிற்பின், ரேடியேட்டரைக் கவனித்தல் வேண்டும். அதில் தண்ணீர் நாள்தோறும் குறைகிறதா? எஞ்சின் ஓடும்பொழுது அதில் குமிழிகள் ஓயாமல் எழுகின்றனவா? ஆயில் பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருக்கிறதா? இவை காணப்பட்டால், சிலிண்டர்களுக்கும் அவற்றை மூடும் தலைப்பகுதிக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் என்னும் தகடு பழுதுற்றிருக்கலாம். தலைப்பகுதியே வெடித்திருத்தலும் கூடும். தண்ணீர் கலந்த ஆயில் தன் வழவழப்பை இழந்துவிடும் ஆதலின், அந்நிலையில் காரை ஓட்டுதல் தகாது. சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறத்தலும் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச் செய்துவிடும்.

கரும்புகை, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள அளவு பிறழ்ந்ததைக் காட்டுகிறது. விறகு அடுப்பில் காற்றுப் புகாவிடின் கரி படிவதைப்போன்றதே இதுவும். தூசி அடைத்த ஏர் ஃபில்டர், விடுபடாமல் சிக்கிய சோக், பெட்ரோலை மிகுதியாகக் கொட்டும் கார்புரேட்டர் ஆகியவை இதற்குக் காரணங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உலர்ந்த கரி படிந்திருக்கும். துப்புரவு செய்தலாலும் சிறு திருத்தத்தாலும் இக்குறை பெரும்பாலும் நீங்கிவிடும்.

நீலப்புகையே ஆழ்ந்து ஆராய்தற்கு உரியது. ஆயில் எரியும் இடத்தை அடைவதற்கு இரு வழிகள் உள்ளன. கீழிருந்து வருவது ஒன்று. மேலிருந்து வருவது மற்றொன்று. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலை வழித்துக் கீழே அனுப்புகின்றன. ரிங்குகளோ சுவரோ தேய்ந்தால் ஆயில் மேலே ஏறிவிடும். தலைப்பகுதியில் வால்வுகளின் தண்டுகள் கைடு என்னும் சிறு குழல்களில் இயங்குகின்றன. அக்குழல்களோ, ஆயிலைத் தடுக்கும் சீல்களோ தேய்ந்தால், ஆயில் மேலிருந்து உள்ளே இறங்கிவிடும். முன்னதைச் சீர்செய்ய எஞ்சின் முழுவதையும் பிரித்தல் வேண்டும். பின்னதற்குத் தலைப்பகுதி அளவில் வேலை முடியும். ஆகவே, எவ்வழி என்று தெளியாமல் எஞ்சினைப் பிரிப்பது, பல்வலிக்கு வயிற்றைக் கீறுவது போலாகும். வாடகைக் காரை ஓட்டிப் பிழைப்பவர்க்கு அத்தவறு பல நாள் வருவாயையும் சேமித்த பொருளையும் ஒருங்கே இழக்கச் செய்யும்.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது புகை தோன்றும் வேளை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்குச் செல்லும் மலைப்பாதையை நினைத்துப் பார்ப்போம். ஏறும்பொழுது எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. அப்பொழுது நீலப்புகை தொடர்ந்து வருமாயின், ரிங்குகளின் தேய்மானத்தை ஐயுறலாம். இறங்கும்பொழுதோ ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். காற்று வரும் வழி மூடப்படுவதால் உள்ளே உறிஞ்சும் விசை மிகுந்து, தேய்ந்த வால்வுக் குழல்களின் வழியே ஆயிலை இழுக்கிறது. வளைவு கடந்து மீண்டும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் ஒரு நீல மேகம் எழுந்து அடங்குமாயின், பழுது வால்வுப் பகுதியில் உள்ளது என்று கருதலாம். இரவு முழுவதும் நின்ற கார் காலையில் புறப்படும்பொழுது மட்டும் நீலமாகப் புகைந்து தெளிவதும் இவ்வகையே.

புகை தந்த சான்றை ஒரு சோதனையால் உறுதிப்படுத்துதல் நன்று. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அழுத்தமானியை ஒவ்வொரு துளையிலும் வைத்து எஞ்சினைச் சுழற்றினால், சிலிண்டரின் அழுத்தம் தெரியும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மீண்டும் அளத்தல் வேண்டும். இப்பொழுது அழுத்தம் நன்கு உயருமாயின், விட்ட ஆயில் ரிங்குகளின் இடைவெளியை அடைத்தது என்பது தெளிவு. குறை அங்கேயே உள்ளது. உயராவிடின், வால்வு சரியாகப் பொருந்தவில்லை என்றோ, கேஸ்கெட் பழுது என்றோ கொள்ளலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், அவற்றின் இடையே கேஸ்கெட் சிதைந்திருத்தல் கூடும். ஒரு தேக்கரண்டி ஆயில் இத்துணைச் செய்தியைச் சொல்லுவது வியப்பன்றோ!

சோதனை முடிந்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். ரிங்குகள் மட்டும் தேய்ந்திருந்தால் புதியன மாற்றினால் போதும். சிலிண்டர் சுவரே தேய்ந்திருப்பின், லேத் பட்டறையில் அதனைச் சிறிது அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் பொருத்துவர். கேஸ்கெட்டை மாற்றுவோர், தலைப்பகுதி கோணாமல் சமமாக உள்ளதா என்று பார்த்து, அதன் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கிப் படிப்படியாக முடுக்குதல் வேண்டும். ஒருபுறத்தை முழுவதும் முடுக்கிவிட்டு மறுபுறம் செல்வது தலைப்பகுதியைக் கோணச் செய்யும்.

புகையே இல்லாமலும் ஆயில் குறைவதுண்டு. அது ஒழுக்கினால் நேர்வது. இரவில் காரின் அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து வைத்தால், காலையில் அதில் விழுந்த துளிகள் ஒழுகும் இடத்தைக் காட்டும். ஆயிலின் அளவை அறிய, காரைச் சமநிலத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, அளவுகோலைத் துடைத்து விட்டுப் பார்த்தல் வேண்டும். ஆயில் இரு குறிகளுக்கும் இடையே நிற்றல் நலம். குறைந்தால் எஞ்சின் தேய்ந்து இறுகிவிடும். மிகுந்தால் அதுவும் புகையாக எரியும். ஊற்றிய அளவையும் ஓடிய தொலைவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருபவர், நோய் முற்றுமுன்னரே அதனைக் காண்பர்.

கண்ணுக்குத் தெரியும் புகையைக் காட்டிலும் கொடியது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பழுது பார்ப்பவர் தம்மை அறியாமலே மயங்கி உயிரிழக்க நேரும். திறந்த வெளியே இவ்வேலைக்கு உரிய இடம். மேலும், காரின் புகை அதன் உரிமையாளரோடு நிற்பதில்லை. பின்னே நடந்து செல்லும் சிறுவரின் மூச்சிலும் புகுகிறது. இதனாலேயே 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் புகைக்கு எல்லை வகுத்து, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழையும் வேண்டுகின்றன.

எளிய காரணத்தை முதலில் ஆராய்தலும், சான்று கிடைத்த பின்னரே பெரிய வேலையில் இறங்குதலும் நல்ல மெக்கானிக்கின் இலக்கணம். சுத்தியலும் திருப்புளியும் எவர் கைக்கும் கிடைக்கும். கண்டதைக் கொண்டு காணாததைத் துணியும் நிதானமோ பயிற்சியால் மட்டுமே வரும். அது வாய்க்கப்பெற்றவர் கையில், பல்லாண்டு உழைத்த பழைய காரும் புகை நீங்கித் தன் பயணத்தைத் தொடரும்.