அமெரிக்க உயர்கல்விக் கனவு: மதிப்பெண் மட்டும் போதுமா?

புது தில்லி: பிளஸ் 2 தேர்வில் 98 சதவீத மதிப்பெண், ஒலிம்பியாட் பதக்கம், "சாட்' தேர்வில் 1,550. இத்தனையும் கையில் இருந்தும் அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டப் படிப்புக்கு இடம் கிடைக்காத இந்திய மாணவர்கள் ஏராளம். எங்கே குறை என்று பெற்றோர் மதிப்பெண் பட்டியலைப் புரட்டுகின்றனர். பல நேரங்களில் விடை அங்கே இல்லை. விண்ணப்பத்தில் உள்ள ஒரு கேள்வியில் இருக்கிறது. "நிதியுதவி கோருகிறீர்களா?' என்பதே அக் கேள்வி.

போட்டியே கடுமையானதுதான். ஹார்வர்டில் 2024-ம் ஆண்டு சேர்க்கைக்கு 54,008 பேர் விண்ணப்பித்தனர். 1,937 பேருக்கே இடம் கிடைத்தது. அதாவது நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அதே ஆண்டு எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்த 28,232 பேரில் தேர்வானவர்கள் 1,275 பேர். இளநிலை வகுப்புகளில் வெளிநாட்டவருக்கு எம்.ஐ.டி. ஒதுக்குவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். எனவே, அவர்களுக்கான வாயில் மேலும் குறுகலானது.

கட்டணமும் தடை: ஹார்வர்டில் 2025-26 கல்வியாண்டுக்குக் கல்விக் கட்டணம், விடுதி, உணவு உள்பட ஆகும் செலவு சுமார் 87 ஆயிரம் டாலர். இந்திய மதிப்பில் ரூ. 70 லட்சத்துக்கும் மேல். நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ரூ. 3 கோடி. நடுத்தரக் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை. பல்கலைக்கழகமே உதவினால்தான் உண்டு.

இங்குதான் பலருக்கும் தெரியாத வேறுபாடு ஒன்று உள்ளது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் தகுதியை மட்டும் பரிசீலிக்கின்றன. இடம் கொடுத்தால், குடும்பத்தால் இயலாத தொகையை அவையே ஏற்கின்றன. 2022-ல் டார்ட்மவுத், போடன் ஆகியவையும், 2025-ம் ஆண்டு சேர்க்கையில் பிரெளனும் இவ் வரிசையில் சேர்ந்தன. ஆயினும், இத்தகைய நிறுவனங்கள் பத்து அளவிலேயே உள்ளன.

ஸ்டான்போர்டு, கொலம்பியா, கார்னெல் உள்ளிட்டவற்றில் நிலை வேறு. உதவி கோரும் வெளிநாட்டு மாணவரின் வாய்ப்பை அக் கோரிக்கையே பாதிக்கக்கூடும். "இப்போது வேண்டாம் என எழுதிவிட்டு, சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம்' என்று கருதினால் ஏமாற்றமே மிஞ்சும். சேர்க்கையின்போது உதவி கோராத வெளிநாட்டு மாணவருக்குப் படிப்பு முடியும் வரை அது கிடையாது என்பது ஸ்டான்போர்டின் விதி.

மத்திய அரசின் பங்கு: அமெரிக்காவில் பயிலும் வெளிநாட்டினர் எண்ணிக்கையில் 2023-24-ல் சீனாவை விஞ்சி இந்தியா முதலிடம் பிடித்தது. ஆனால், அந்த 3.31 லட்சம் இந்தியர்களில் இளநிலை மாணவர்கள் சுமார் 36 ஆயிரம் பேர் மட்டுமே. மத்திய சமூக நீதித் துறை, தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட பிரிவினருக்காக வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. ஆண்டுக்கு 125 பேருக்கான அத் திட்டமும் முதுநிலை, ஆய்வுப் படிப்புகளுக்கு மட்டுமே உரியது.

இதனிடையே, அரசியலும் குறுக்கிட்டது. ஹார்வர்ட் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதியை 2025 மே மாதம் டிரம்ப் அரசு ரத்து செய்தது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. அக்டோபரில், இளநிலை வகுப்புகளில் வெளிநாட்டினர் 15 சதவீதத்துக்கும், ஒரே நாட்டவர் 5 சதவீதத்துக்கும் மிகக் கூடாது என்ற நிபந்தனை அடங்கிய உடன்பாட்டை ஒன்பது பல்கலைக்கழகங்களிடம் அவ்வரசு முன்வைத்தது. எம்.ஐ.டி. முதலில் நிராகரித்தது. இத்தகைய வரம்பு என்றேனும் நடைமுறைக்கு வந்தால், பெரிதும் பாதிக்கப்படுவோர் இந்தியரும் சீனருமே.

என்ன செய்யலாம்?: விண்ணப்பிக்கும் முன்பே, எந்தப் பல்கலைக்கழகம் பண வசதியைப் பார்க்கிறது, எது பார்ப்பதில்லை என்பதை அவற்றின் அறிவிப்புகளிலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும். குடும்பத்தால் எவ்வளவு தர இயலும் என்பதை ஒளிக்காமல் கணக்கிட வேண்டும். மதிப்பெண்ணுக்குத் தரும் கவனத்தில் பாதியை இதற்குத் தந்தாலே பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

கல்விக்காக வெளிநாடு சென்றோர் 2023-ல் 8.92 லட்சம் பேர், 2024-ல் 7.59 லட்சம் பேர் என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. விமானம் ஏறியவர்களின் கணக்கு அது. தகுதி இருந்தும் பணமின்றி நின்றுபோனவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்களைப் பற்றியும் அவையில் கேள்வி எழ வேண்டும்.