கிள்ளான் முதல் பாகான் டத்தோ வரை: கடலோரமாக ஒரு 'கள்ளு நாடு' பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் திராட்சைத் தோட்டம், நடுவில் வளைந்து போகும் சாலை, மாலையில் கையில் ஒரு கிளாஸ் வைன். ஆஸ்திரேலியாவிலோ கலிபோர்னியாவிலோ எடுத்த இந்த மாதிரி ரீல்ஸைப் பார்த்துவிட்டு, "நாமும் ஒரு தடவை போகணும்" என்று கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பீர்கள். டிக்கெட் விலையைப் பார்த்ததும் குழு அமைதியாகியிருக்கும்.

ஆனால், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காடியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய கடலோரச் சாலை ஒன்று நமக்கும் இருக்கிறது. அந்த வழியில் திராட்சை கிடையாது. தென்னை உண்டு, கள்ளு உண்டு. அந்தக் கள்ளைச் சுற்றி, நம் தாத்தா பாட்டிகளின் வரலாறும் உண்டு.

இந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது? எங்கே கவனம் தேவை?

எந்தச் சாலை?

கூட்டரசுச் சாலை 5. ஜொகூரின் ஸ்கூடாயில் தொடங்கி, தீபகற்பத்தின் மேற்குக் கரையை ஒட்டியே சென்று, ஈப்போ அருகே ஜெலாப்பாங்கில் முடிகிறது. கிள்ளானில் இதைப் பிடித்து வடக்கே போனால் காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் என்று ஊர்கள் வரிசையாக வரும். பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் பேராக். அங்கே ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து மேற்கே பிரியும் சாலை, பேராக் ஆறு கடலில் கலக்கும் பாகான் டத்தோவுக்குப் போகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "கடலோரச் சாலை" என்றாலும் ஸ்டியரிங் பிடித்தபடி கடலைப் பார்க்க முடியாது. சாலைக்கும் கடலுக்கும் நடுவே சதுப்புநிலக் காடும், செம்பனையும், வயலும், மீனவர் கம்பங்களும் இருக்கின்றன. வடக்கே போகும்போது கடல் உங்கள் இடது பக்கம். பார்க்க வேண்டுமென்றால் இடது பக்கம் திரும்பி, சின்னச் சாலைகளில் இறங்கணும். இந்தப் பயணத்தின் சுவையே அந்தத் திருப்பங்களில்தான்.

எந்த நாளில் போகலாம்?

வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய வார இறுதி கிடைத்தால் அதுதான் சரியான நேரம். காரணம் இரண்டு.

கோல சிலாங்கூர் கடலுக்குள் இருக்கும் சாசாரான் மணல்திட்டு, அதாவது எல்லாரும் படம் எடுக்கும் 'ஸ்கை மிரர்', கடல் நன்றாக வற்றும் நாட்களில் மட்டுமே வெளியே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் அந்த அளவுக்கு இறங்கும். படகுக்காரர்கள் வெளியிடும் தேதிகளும் பெரும்பாலும் இந்த நாட்களாகவே இருக்கும்.

அதே கோல சிலாங்கூரில், கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னும். நிலவு இல்லாத இருட்டில்தான் அது தெளிவாகத் தெரியும். ஆக, பௌர்ணமி ஒன்றுக்கு மட்டும் உதவும், அமாவாசை இரண்டுக்கும் உதவும். மின்மினியைப் பார்க்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், கைபேசி விளக்கும் வேண்டாம்.

எங்கெங்கே நிறுத்தலாம்?

- கிள்ளான்: ஜாலான் தெங்கு கிளானாவில் காலைச் சாப்பாடு. இங்கேயே வயிற்றை நிரப்பிக்கொண்டால் அடுத்த இரண்டு மணி நேரம் கவலை இல்லை.
- புக்கிட் ரோத்தான்: ஸ்ரீ சக்தி தேவஸ்தானம். சக்தி பீடங்களை மையமாக வைத்துக் கட்டப்பட்ட கோயில்.
- கோல சிலாங்கூர்: புக்கிட் மெலாவத்தி குன்று. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை, 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம், கூடவே வெள்ளி நிற லங்கூர் குரங்குகள்.
- சிகிஞ்சான்: ஆண்டுக்கு இரண்டு போகம் நெல். பச்சையா, பொன் நிறமா, வெறும் சேறா என்பது நீங்கள் போகும் மாதத்தைப் பொறுத்தது. முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள்.
- தெலுக் இந்தான்: 1885-இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரம். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே போனால் மூன்றுதான்.
- பாகான் டத்தோ: நாட்டின் முக்கியமான தென்னை வட்டாரம். பயணத்தை இங்கே முடிக்கலாம்.

நேரம் இருந்தால் கோல சிலாங்கூரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் பெஸ்தாரி ஜெயாவுக்கும் போய் வரலாம். மலேசியாவில் செம்பனை வணிக ரீதியாக முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917-இல், பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியேவின் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'. தென்னையின் பெயரைச் சுமந்த தோட்டத்தில் தொடங்கிய செம்பனைதான் இன்று நீங்கள் போகும் சாலையின் இரு பக்கமும் நிற்கிறது.

வைன் ஏன் இல்லை, கள்ளு ஏன் இருக்கு?

திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுத்து, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும் இனம். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நம் ஊரில் அந்த ஓய்வு அதற்குக் கிடைப்பதில்லை. தாய்லாந்தின் காவ் யாய், ஹுவா ஹின் வட்டாரங்களில் கொடியை வெட்டி வெட்டி வழிக்குக் கொண்டுவந்து வைன் தயாரிக்கிறார்கள். அங்கே வறண்ட பருவம் என்று ஒன்று இருப்பது உதவுகிறது.

தென்னைக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. விரியாத பாளையைக் கட்டி, நுனியைத் தினமும் மெல்லியதாகச் சீவினால் இனிப்பான சாறு சொட்டும். அதைப் புளிக்க வைக்க யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் பீர் அளவுக்குப் போதை ஏறும். ஒரு நாள் தாண்டினால் புளித்து வினிகர் பக்கம் போய்விடும்.

வைனும் கள்ளும் வேறுபடுவது இங்கேதான். வைனை அடைத்து வைத்து உலகமெல்லாம் அனுப்பலாம். இறக்கிய கள்ளு அப்படிப் பயணம் செய்யாது, மரம் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போகணும்.

அதே சாற்றைப் புளிக்கும் முன் காய்ச்சினால் குலா மெலாக்கா. அதனால் குடிக்காத கூட்டாளிகள் எதையும் இழக்கப் போவதில்லை. அசல் குலா மெலாக்கா ஊற்றிய ஒரு கிண்ணம் செண்டோல் போதும், அதே பாளையின் ருசி.

கள்ளுக்கடையை மூடச் சொன்ன கிள்ளான்

இந்தச் சாலையில் கள்ளைப் பற்றிப் பேசும்போது 1941-ஐத் தாண்டிப் போக முடியாது.

அந்த ஆண்டு கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். தோட்ட அதிகாரி எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு.

கூலி கொடுக்கும் தோட்டத்திலேயே, அரசின் உரிமத்தோடு கள்ளுக்கடை. நாள் முழுக்க உழைத்தவர் வாங்கிய காசு வீடு போய்ச் சேரும் முன்பே அங்கே கரைந்தது. அதைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள்.

போராட்டத்தின் முக்கியத் தலைவரான ஆர்.எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். மே மாதம் அவர் கைது செய்யப்பட்டதும் போராட்டம் தீவிரமடைந்தது. ராணுவம் இறக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஆகவே, உங்கள் பாட்டிக்குக் கள்ளு என்ற சொல்லே பிடிக்காமல் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பயணத்துக்கு முன் அவரிடம் ஒரு பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத தகவல் கிடைக்கலாம்.

காடி யார் ஓட்டுறது?

ஹோட்டலை முடிவு செய்வதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது. 2020 அக்டோபர் 23 முதல் மலேசியாவில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்டம் கடுமையாகியிருக்கிறது.

- ரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவு, 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்தது. மூச்சுச் சோதனையில் வரம்பு 22 மைக்ரோகிராம்.
- வரம்பைத் தாண்டி ஓட்டினால், விபத்தே நடக்காவிட்டாலும், முதல் முறைக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு.
- குடித்து ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டு சிறையும், 50,000 முதல் 1,00,000 ரிங்கிட் அபராதமும்.

"ஒரு கிளாஸ்தானே, ஒண்ணும் ஆகாது" என்ற கணக்கு கள்ளு விஷயத்தில் இன்னும் ஆபத்தானது. பீர் டின்னில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். கள்ளோ கிளாஸில் இருக்கும்போதே புளித்துக்கொண்டிருக்கிறது. காலையில் குடித்ததும் மாலையில் குடித்ததும் ஒரே அளவு அல்ல. காப்பி குடிப்பதாலோ குளிப்பதாலோ ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் சீக்கிரம் குறையாது. நேரம் மட்டுமே அதைக் குறைக்கும்.

எனவே ஓட்டுபவர் அன்று ஒரு வாய் கூடக் குடிக்கக் கூடாது. இரண்டு நாள் பயணமென்றால் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் இரவு அதிகம் குடித்தவர் மறுநாள் காலை சாவியைத் தொட வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாண்டிய சின்ன ஊர்களில், நினைத்த நேரத்தில் கிராப் வந்துவிடும் என்று நம்பி இருக்கவும் கூடாது. சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் அதிகம், பல இடங்களில் இரவில் வெளிச்சம் குறைவு. மின்மினியைப் பார்த்த பிறகு அன்றிரவு கோல சிலாங்கூரிலேயே தங்கிவிடுவது நல்லது.

கள்ளு வாங்கும்போது எதைக் கவனிக்கணும்?

மலேசியாவில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கள்ளு விற்க உரிமம் தேவை. உரிமம் உள்ள கடைகள் முன்பு போல இல்லை, குறைந்துவிட்டன. போகிற ஊரில் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுப் போவதே சரி.

யாரோ போத்தலில் ஊற்றித் தரும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கைத் தொடவே வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனாலை வாசனையாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்துப் பல மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்று வலி, பார்வை மங்கல் வந்தால் தூங்கினால் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 999-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு நாள் திட்டம், சுருக்கமாக

சனிக்கிழமை காலை கிள்ளான், அடுத்து புக்கிட் ரோத்தான். படகு நேரம் கடல் நீர் வற்றுவதைப் பொறுத்தது என்பதால் அதை முதலில் பதிவு செய்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குங்கள். மாலை புக்கிட் மெலாவத்தி, இருட்டியதும் மின்மினி, இரவு கோல சிலாங்கூரில். ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் சிகிஞ்சான் வயல், மதியம் தெலுக் இந்தான், பிறகு பாகான் டத்தோ தென்னந்தோப்புகள். திரும்பி வர மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். திங்கட்கிழமை வேலை இருக்கிறது என்றால் தெலுக் இந்தானோடு திரும்பிவிடலாம்.

வாட்ஸ்அப் குழுவில் தேதியைப் போடும்போதே, எந்த நாள் யார் ஓட்டுவது என்று பக்கத்திலேயே பெயரையும் எழுதிவிடுங்கள். மீதியெல்லாம் வழியில் பேசிக்கலாம்.