கோலாவைவிட தக்காளி சாஸில் சர்க்கரை அதிகமா?

தக்காளி விலை சரியும்போதெல்லாம் ராயக்கோட்டை, பாலக்கோடு, ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். ‘பறிப்புக்கூலிகூட தேறலை. சாஸ் போட்டு வித்தா என்ன?’ அப்படித் துணிந்து பாட்டிலைக் கடைவிரிப்பவர்களுக்கு, ‘கோலாவைவிட இதுலதான் சர்க்கரை அதிகமாமே?’ என்ற கேள்வி காத்திருக்கிறது. பதில் தெரியாவிட்டால் வாடிக்கையாளர் நகர்ந்துவிடுவார்.

கேள்வியில் உண்மை இருக்கிறது. 100 மில்லி கோலாவில் சுமார் 10.6 கிராம் சர்க்கரை. 100 கிராம் சாஸில் 20 கிராமைத் தாண்டும். ஆனால், சாஸை யாரும் டம்ளரில் ஊற்றிக் குடிப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம் சாஸில் 3 கிராம் சர்க்கரை. 300 மில்லி கோலா பாட்டிலில் 32 கிராம். பத்துக் கரண்டி சாஸ் சாப்பிட்டால்தான் ஒரு பாட்டில் கோலாவுக்குச் சமம். கோலாவில் சர்க்கரையைத் தவிர சத்து என்று சொல்ல எதுவுமில்லை. தக்காளியில் பொட்டாசியமும், சிவப்பு நிறம் தரும் லைக்கோபீனும் உண்டு. சமைக்கும்போது வைட்டமின் சி குறைந்தாலும், லைக்கோபீனை உடல் எளிதாக ஏற்றுக்கொள்கிறது.

சாஸுக்கு எதிராகச் சொல்ல வேண்டியது உப்பு. 100 கிராமில் சுமார் 2 கிராம். தட்டு நிறைய பிழிந்துகொள்ளும் குழந்தைகளுக்கு இது கொஞ்சநஞ்சமல்ல. கோலாவில் உப்பு பெயரளவுக்குத்தான்.

சரி, சாஸில் இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வருகிறது? பழத்திலேயே 100 கிராமுக்கு இரண்டரை கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. வழக்கமான செய்முறையில் ஒரு கிலோ தக்காளிக் கூழுக்கு 75 கிராம் சர்க்கரை, 10 கிராம் உப்பு. கூழில் உள்ள திடப்பொருள் 50 கிராம். மொத்தம் 135 கிராம். 28 சதவிகிதத் திடம் வரும்வரை வற்றக் காய்ச்சினால் ஏறக்குறைய 480 கிராம் சாஸ் கிடைக்கும். (சாஸுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்பது குறைந்தது 25 சதவிகிதம்.) சர்க்கரையை 30 கிராமாகக் குறைத்தால்? அதே கெட்டித்தன்மைக்கு 320 கிராம்தான் தேறும். பாட்டிலில் எடையைக் கூட்டுவது தக்காளியைவிட சர்க்கரைதான் என்பது இந்தக் கணக்கில் புரியும். பெரிய ஆலைகளும் சர்க்கரையைக் குறைக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

விவசாயிக்கோ கணக்கு வேறு. விலை சரிந்த நேரத்தில் அவரிடம் மலிவாக இருப்பது தக்காளிதான். சர்க்கரையைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். சர்க்கரையைக் குறைத்து, கூழைக் கூட்டிப் போட்டால் விறகுச் செலவும் நேரமும் கூடும். ஆனால், சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு 15 கிராமிலிருந்து 10 கிராமுக்குக் கீழே வந்துவிடும். நன்கு பழுத்த, சதைப்பற்றுள்ள, சாறு குறைந்த ரகமாக இருந்தால் காய்ச்சும் நேரம் மிச்சம். சர்க்கரை குறைந்தால் கெட்டுப்போகும் வாய்ப்பு கூடும் என்பதால் வினிகர் அளவில் கைவைக்கக் கூடாது. பாட்டிலைக் கொதிநீரில் சுத்தம் செய்து, சூடாகவே நிரப்பி மூட வேண்டும். திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி லேபிளில் அச்சிடுவது நல்லது.

அதே லேபிளில் மொத்தச் சர்க்கரையும் சேர்த்த சர்க்கரையும் தனித்தனியாக இடம்பெற வேண்டும். கோலா பாட்டிலில் இந்த இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும். வாடிக்கையாளர் கேட்டால், இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் வைத்து அந்த வரியைக் காட்டலாம்.