ஊறல் நிலத்தின் ஓட்டுப்பிராணி

கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில், பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிராகும் நிலங்களையொட்டி, ஏரியோரத்திலும் ஓடைத் தலைப்புகளிலும் கால் வைத்தால் அமிழும் ஊறல் நிலங்கள் உண்டு. உழவுக்கு உதவாத இவற்றை வாய்க்கால் வெட்டி வடித்துவிடலாமென்னும் யோசனை மிராசுதார்களுக்கு எழுவது இயல்பே. அதற்குமுன், இத்தகைய இடங்களில் உலகெங்கும் வாழும் ஒரு ஜந்துவைப்பற்றி அறிந்துகொள்வது நலம்.

ஆர்செல்லா வல்காரிஸ் என்னும் அது ஓரணு உயிராகிய அமீபா வகுப்பைச் சேர்ந்தது. ஜெர்மானிய சாஸ்திரி ஏரன்பர்க் 1830-ஆம் ஆண்டையொட்டி இதற்குப் பெயரிட்டார். உடல் வெறுங்குழம்பேயாயினும் தனக்கென ஓர் ஓடு கட்டிக்கொள்ளுகிறது. பத்து ஓடுகளை வரிசையாய் வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்படும். ஓடு மேலிருந்து நோக்க வட்டக்காசு. பக்கத்திலிருந்து நோக்கக் கவிழ்த்த கிண்ணம். அடிப்புறத்தின் நடுவே உட்குழிந்த துவாரம் ஒன்றுண்டு. அதன்வழியே விரல்போன்ற பொய்க்கால்களை நீட்டி ஊர்ந்து, பாக்டீரியாக்களையும் நுண்பாசிகளையும் உண்ணும். இதன் இனத்தானாகிய டிப்லூஜியா மணற்றுகளை ஒட்டிக் கூடு கட்ட, ஆர்செல்லாவோ தன் உடல் சுரக்கும் பொருளாலேயே தேன்கூடு போன்ற நுண்ணறைகளாகக் கட்டுகிறது. புதிய ஓடு வெளிர்மஞ்சள். நாட்பட இரும்பும் மாங்கனீசும் படிந்து பழுப்பாகும். உயிர் இரண்டாகப் பிரியுங்கால் ஒன்றுக்குப் பழைய ஓடு, மற்றொன்றுக்குப் புதிய ஓடு. பாகவழக்கு இல்லாத குடும்பம்!

ஈரப்பாசியைக் கிண்ணத்தில் பிழிந்து தெளியவைத்து, அடிவண்டலில் ஒரு துளியை நூறு மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடியில் நோக்கினால் ஓட்டுப்பிராணிகளைக் காணலாம்.

ஆர்செல்லா விரும்புவது நின்ற நீரும் மிகுந்த ஈரமும். வடித்த நிலத்தில் இது அருகி, வறட்சி பொறுக்கும் சிறிய ஓட்டினங்கள் பெருகும். ஆகவே இது ஊறலின் நிலையைக் காட்டும் சாட்சி. ஓடுகள் சதுப்பின் கருமண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கக்கூடுமாதலால், பழங்காலத்து ஈரத்தை அவற்றைக்கொண்டு கணிப்பதும் உண்டு.

மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிப் பின்னர் மெல்லக் கசியவிடுவது அக்கருமண்ணே. அது உலர்ந்தால் காற்றுப்பட்டுச் சிதைந்து தாழும். மீண்டும் உண்டாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும். இரண்டொரு பாத்திக்காகக் கோடைக் கசிவை இழப்பது எவ்வகையிலும் இலாபமன்று. புறம்போக்கு ஊறல்களில் வாய்க்கால் வெட்டப்படாதவாறு கிராம உத்தியோகஸ்தர்கள் கவனித்தல் வேண்டும். உருளைக்கிழங்கின் கருகல் நோய்க்குப் போர்டோக் கலவை தெளிப்போர், பீப்பாய்களையும் தெளிகருவிகளையும் அங்கே கழுவலாகாது. மயில்துத்தத்திலுள்ள செம்பு இந்நுண்ணுயிர்களுக்கு நஞ்சாகும்.