சினிமாவுக்கு வயது வரம்பு உண்டு, செல்போன் சண்டைக்கு?

(நமது சாந்தன்பாறை நிருபர்)

ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் காலையிலேயே சாந்தன்பாறையையும் பூப்பாறையையும் கடந்து போய்விடுகின்றன. தாயும் தகப்பனும் லயத்துக்குத் திரும்ப மாலையாகும். லீவு நாட்களில் அதுவரை பிள்ளைக்குத் துணை செல்போன்தான். 2020 ஜூனில், பள்ளிகள் மூடிக்கிடந்து டி.வி.யிலும் போனிலும் பாடம் நடந்தபோது, அட்வான்ஸ் வாங்கியாவது போன் எடுத்துக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். பிறகு பள்ளி திறந்தது. போன் மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. பாடம் இருந்த இடத்தில் துப்பாக்கிச் சண்டை வந்து உட்கார்ந்துகொண்டது.

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்ற பெயர்கள் பெற்றோருக்கும் இப்போது மனப்பாடம். ஆகாயத்திலிருந்து குதித்து, அகப்பட்ட துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, எதிர்ப்பட்டவரையெல்லாம் சுட்டுத் தள்ள வேண்டும். கடைசியில் உயிரோடு மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். பத்து வயதுப் பையன் இதை ஆடலாமா என்று கேட்க நம் நாட்டில் சட்டம் உண்டா?

சினிமாவுக்கு உண்டு. 1952-ம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டப்படி, 'ஏ' சர்டிபிகேட் படத்துக்கு 18 வயது நிரம்பாதவரை உள்ளே விட்டால் தியேட்டர்காரர் மாட்டிக்கொள்வார். புத்தகத்துக்கும் ஒரு சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. இளம் வயதினருக்குத் தீங்கு செய்யும் வெளியீடுகளைத் தடுக்க 1956-ல் பாராளுமன்றம் அதை நிறைவேற்றியது. குற்றத்தையும் கொடுமையையும் கதையாக்கிப் பிள்ளைகளைக் கெடுக்கும் புத்தகத்தை விற்றால் ஆறு மாதம் வரை சிறை. ஆனால் அது பேசுவது அச்சடித்த தாளைப் பற்றி. செல்போன் திரையை அன்று யார் கண்டார்கள்?

ஆகவே விளையாட்டை நிறுத்த நினைத்தபோதெல்லாம் சர்க்கார் வேறு வழிகளைத் தேடியது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் போலீசார் 144-வது பிரிவின் கீழ் பப்ஜிக்குத் தடை போட்டு, பத்து வாலிபர்களைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். அகப்பட்டவர்கள் எல்லாம் ஆடியவர்கள். ஆட்டத்தை நடத்திய கம்பெனியை யாரும் தொடவில்லை.

2020 செப்டம்பர் 2-ல் மத்திய சர்க்கார் 118 செல்போன் செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் போயிற்று. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போயிற்று. இரண்டு முறையும் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. பிள்ளைகளின் வயது அல்ல. அதனால்தான் பப்ஜி 2021-ல் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வர முடிந்தது. 2022-ல் அதையும் எடுத்தார்கள். 2023 மே மாதம் மறுபடி வந்துவிட்டது. ஃப்ரீ ஃபயருக்கு 'மேக்ஸ்' என்றொரு தம்பி உண்டு. அண்ணன் தடையான பிறகும் தம்பி கிடைத்துக்கொண்டிருந்தான்.

புதுப் பெயர் பப்ஜிக்குக் கம்பெனியே சில கட்டுப்பாடுகள் வைத்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் தினம் மூன்று மணி நேரம்தான். பெற்றோரின் போனுக்கு ஓ.டி.பி. வரும், ஒரு நாளில் 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லயத்து வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் பிள்ளையின் கையில். ஓ.டி.பி. யாருக்கு வரும்? 7,000 ரூபாய் என்பதும் ஏலத் தோட்டத்தில் பத்து நாள் கூலிக்கு மேல்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2005-ல் ஒரு சட்டம் செய்தது. கொடூரமான வீடியோ விளையாட்டைச் சிறுவருக்கு விற்றால் ஆயிரம் டாலர் வரை அபராதம். கையெழுத்திட்ட கவர்னர் ஆர்னால்டு சுவார்செனேகர். சினிமாவில் துப்பாக்கி தூக்கிப் பெயர் வாங்கியவர்! விளையாட்டும் பேச்சுரிமையில் அடங்கும் என்று சொல்லி அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2011 ஜூன் 27-ல் அதைத் தள்ளிவிட்டது. தீர்ப்பு ஏழுக்கு இரண்டு. பிரிட்டனில் கதை வேறு. உறையில் அச்சிட்ட வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு விற்கும் கடைக்காரர் மீது 2012 முதல் வழக்குப் போடலாம். சீனா 2021-ல் இன்னும் கடுமையாகப் போய், வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் என்று கட்டிப் போட்டது.

பிரிட்டன் மாதிரிச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தாலும் சாந்தன்பாறை பஜாரில் யாரைப் பிடிப்பது? கடையில் எவரும் இதை விற்பதில்லை. ஆட்டம் இலவசம். வியாபாரம் உள்ளே நடக்கிறது: டைமண்ட், துப்பாக்கிக்கு மேல்பூச்சு, ஆளுக்குப் புதுச் சட்டை. தடை போடுவதானால் அந்தக் கல்லாப்பெட்டியில்தான் போடவேண்டும். பெற்றோர் சம்மதம் நிச்சயப்படாமல் சிறுவரிடம் காசு வாங்கக் கூடாது என்று கம்பெனியைப் பிடிக்கும் சட்டமே நமக்குப் பயன்படும்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு சர்க்கார் 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைச் சிறுவருக்குத் தடுத்து, மற்றவர்களுக்கும் நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை மூடியது. சென்னை ஐகோர்ட்டும் சரி என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை அடியோடு தடுத்துச் சட்டம் நிறைவேற்றியது. ரம்மியில் கூலியைத் தொலைத்த குடும்பங்களுக்கு அது பெரிய காரியம். ஆனால் பந்தயப் பணம் இல்லாத சுடும் விளையாட்டு அந்தத் தடையில் வராது.

போனுக்கு அடிமையான பிள்ளைகளுக்காகக் கேரள போலீசார் 2023-ல் 'டி-டாட்' மையங்களைத் தொடங்கினார்கள். முதலில் வந்தவை திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு போன்ற நகரங்களில். இந்த மலையிலிருந்து கொச்சிக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் இரண்டு பேர் பஸ் சார்ஜும் வேண்டும்.

இப்போதைக்குக் கையில் இருப்பது இவ்வளவு. பிளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். ரீசார்ஜ் கடையில் கேட்டால் செய்து தருவார்கள். ஏ.டி.எம். கார்டு எண்ணைப் போனில் பதிந்து வைக்க வேண்டாம். காசு போய்விட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் திருப்பிக் கேட்கலாம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பணம் அனுப்பும் ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியாதிருக்கட்டும். அப்பா பிறந்த வருஷத்தை எண்ணாக வைத்துப் பயனில்லை. பாங்கியிலும் ரேஷன் ஆபீசிலும் அப்பாவுக்குப் பாரம் எழுதிக் கொடுப்பதே அந்தப் பிள்ளைதான்.