இரும்பு மட்டும்தானா விண்ணிலிருந்து வந்தது?

"உலோகங்களில் இரும்பு மட்டுமே விண்ணிலிருந்து வந்தது, மற்றவை பூமியிலேயே உருவானவை" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி வலம் வருகிறது. ஜும்ஆ பயானில் நானும் ஒருமுறை அதை அப்படியே சொல்லிவிட்டேன். தொழுகை முடிந்ததும் பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை தயங்கியபடி வந்து, "ஹஜ்ரத், தங்கமும், நம்ம எலும்புல இருக்கிற கால்சியமும்கூட விண்மீன்லதான் உண்டாச்சுன்னு எங்க சார் சொன்னாரே?" என்று கேட்டான்.

நான் கல்லூரியில் கலைப் பாடம் படித்தவன். பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபோது பிள்ளை சொன்னதே சரி என்று தெரிந்தது. அடுத்த வாரமே அதே இடத்தில் நின்று திருத்திச் சொன்னேன். படித்ததை இங்கும் பகிர்கிறேன்.

பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடங்களில் உண்டானவை ஹைட்ரஜன், ஹீலியம், மிகச் சொற்பமான லித்தியம் ஆகியவைதான். எடைக் கணக்கில் சுமார் முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். கார்பன், ஆக்சிஜன், இரும்பு எதுவும் அப்போது இல்லை.

ஒரு தனிமம் எது என்பதை அதன் அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. ஹைட்ரஜனுக்கு 1, கார்பனுக்கு 6, இரும்புக்கு 26, தங்கத்துக்கு 79. எனவே கனமான தனிமம் உருவாக, சிறிய அணுக்கருக்கள் இணைய வேண்டும். ஆனால் புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்தத் தள்ளலை வெல்லக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் விண்மீன்களின் மையத்தில் இருக்கிறது. நம் சூரியனின் மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி. அங்கே நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறிக்கொண்டிருக்கிறது.

மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் அது சுருங்கி இன்னும் சூடேறும். சுமார் 10 கோடி டிகிரியில் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து கார்பன் ஆகும். இன்னொன்று சேர்ந்தால் ஆக்சிஜன். சூரியன் போன்ற விண்மீன்கள் அத்துடன் நின்றுவிடும். சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறை கொண்டவற்றிலோ நியான், மக்னீசியம், சிலிக்கான் என்று வளர்ந்து, கடைசியில் மையம் இரும்பாகிவிடும்.

இரும்போடு கதை மாறுகிறது. அதுவரை ஒவ்வோர் இணைவிலும் ஆற்றல் வெளிப்பட்டது. இரும்பை இணைக்கவோ ஆற்றலைச் செலவிட வேண்டும். அடுப்பில் விறகுக்குப் பதில் சாம்பலைப் போட்டது போலத்தான். தாங்கும் சக்தியை இழந்த மையம் ஒரு நொடிக்குள் இடிந்து விழ, வெளி அடுக்குகள் வெடித்துச் சிதறும். இதுவே சூப்பர்நோவா. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இப்படிச் சிதறியதுதான்.

இரும்பை அதிகம் தருவது இன்னொரு வகை சூப்பர்நோவா. சூரியன் போன்ற விண்மீன் விட்டுச்செல்லும் எச்சத்தை வெண்குள்ளன் என்பார்கள். அது துணை விண்மீனிடமிருந்து பொருளை ஈர்த்தோ, இன்னொரு வெண்குள்ளனோடு மோதியோ முழுவதுமாக வெடித்துவிடும்.

கி.பி. 1006இல் தெரிந்த சூப்பர்நோவா இந்த வகைதான். வரலாற்றில் பதிவானவற்றுள் மிகப் பிரகாசமானது அதுவே. எகிப்தில் அதைக் கண்ட இளைஞர் அலீ இப்னு ரிள்வான், பின்னாளில் புகழ்பெற்ற மருத்துவரானார். வெள்ளிக் கோளைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்தது என்று எழுதிவைத்தார். சீனாவிலும் ஜப்பானிலும் அதைப் பதிவு செய்தார்கள். அத்தகைய வெடிப்பில் முதலில் உண்டாவது கதிரியக்க நிக்கல். அதில் பாதி ஆறே நாளில் கோபால்ட்டாக மாறும். அந்தக் கோபால்ட்டில் பாதி 77 நாளில் இரும்பாக மாறும். சூப்பர்நோவாவை வாரக்கணக்கில் ஒளிர வைப்பது இந்த மாற்றமே. நிக்கல் இரும்பாகிக்கொண்டிருந்த ஒளியைத்தான் இப்னு ரிள்வான் தம் கண்ணால் பார்த்தார்!

அப்படியானால் தங்கம்? அதற்கு நியூட்ரான்கள் வெள்ளமாகப் பாய வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி எழுப்பிய ஈர்ப்பலைகளை லைகோ, விர்கோ ஆய்வகங்கள் பதிவு செய்தன. சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நடந்த மோதல் அது. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உண்டாகின்றன என்பதற்கு அதன் பின்னொளி வலுவான சான்று தந்தது.

பூமியின் மையத்தில் உள்ள சுமார் 5,000 டிகிரி வெப்பம் அணுக்கருக்களை இணைக்கப் போதாது. கதிரியக்கச் சிதைவால் இங்கே உண்டாகும் சிறு அளவு தவிர, இரும்பு, தங்கம், செம்பு, கால்சியம் எல்லாமே பூமி உருவாகும் முன்பே உண்டானவை.

அப்படியானால் இரும்பு "இறக்கப்பட்டது" பற்றிய வசனம்? அதே வினைச்சொல் கால்நடைகளைக் குறித்தும் குர்ஆனில் வருகிறது. அங்கே படைத்து வழங்குதல் என்று விரிவுரையாளர்கள் பொருள் கூறியுள்ளார்கள். இறைவசனம் நம் வாட்ஸ்அப் செய்தியைச் சார்ந்து நிற்கவில்லை. தவறான அறிவியலை அதற்குச் சான்றாக நாம் நிறுத்தினால், நாளை அது தவறென்று அறியும் பிள்ளை நம்மை மட்டும் சந்தேகிப்பதோடு நிற்க மாட்டான்.

அன்று அந்தப் பிள்ளை கேட்காமல் போயிருந்தால், நான் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். கேட்கும் பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்காதீர்கள். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.